கண்ணுக்கும் ஒரு சேனை

மாலை ஐந்து மணியானால் சாலோமி கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"கையைக் காட்டுங்க."

ஆற்றுப் பாலத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற சாலையில், இரண்டு மருத மரங்களுக்குப் பின்னால் இருந்தது சாலோமி நர்ஸாக இருந்த தரும வைத்தியசாலை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிற மூன்று மருத்துவச்சிகளும் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, மேசைமேல் வலது கையை மலர்த்தி வைப்பார்கள். பிறந்த பிள்ளையின் கண்ணில் விடுகிற மருந்து வெள்ளியிலிருந்து செய்தது. பார்த்தால் வெறும் தண்ணீர். விரலில் பட்டு, அதன்மேல் வெளிச்சமும் பட்டால் நாவல்பழம் தின்ற நாக்குபோலக் கறுத்துவிடும். சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. தோல் உரிகிறபோது கூடவே உரிந்து போனால்தான் உண்டு. மூன்று பிள்ளைக்கு விட்டேன் என்று வாய் சொல்லிவிடும். சாலோமி வாயைக் கேட்பதில்லை, விரலைப் பார்ப்பாள்.

ஒருநாள் லில்லியின் விரல்கள் பால்போல வெளுத்திருந்தன. மூவரில் இளையவள், மிஷன் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள்.

"காலையில வக்கீல் வீட்டுல பேறுகாலம்னுல்லா போன?"

"ஆமாம்மா. பெரிய வீடு. எப்படிக் கேக்கன்னு கூச்சமாப் போச்சு."

"கேக்கச் சொன்னது யாரு? புருஷன் எப்படி, பொண்டாட்டி எப்படின்னு உன்னைய விசாரிக்கச் சொன்னேனா? பிள்ளைக்குக் கண்ணு ரெண்டு இருக்கா? இருந்தா கண்ணுக்கொரு சொட்டு. அவ்வளவுதான். எந்திரி, இப்பவே போ."

லில்லி அழுதுகொண்டே போனாள். கறுத்த விரலோடு திரும்பி வந்தாள்.

வெட்டை என்று ஊரில் சொல்கிற நோய் ஆணிடமிருந்து பெண்ணுக்கு வரும். பெண்ணிடமிருந்து, பிறக்கிற வழியிலேயே பிள்ளையின் கண்ணுக்குப் போகும். மூன்றாம் நாள் இமை ஒட்டிக்கொள்ளும். விலக்கினால் சீழ் வடியும். இரண்டு வாரத்தில் கண் முடிந்துவிடும். பிறந்த உடனே சொட்டு விட்டால் இது எதுவும் இல்லை. நோயுள்ள தாய்மாரைக் கண்டுபிடித்து அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டால் போதும் என்றுதான் வைத்தியசாலையை நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மா முதலில் சொல்லியிருந்தார். சாலோமி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படி விட்டா, மருந்து விட்ட வீட்டுக்கு ஊரு பேரு வச்சிரும்மா. அப்புறம் எவளும் கதவத் திறக்க மாட்டா. எல்லாருக்கும் விடுவோம்." டாக்டரம்மா யோசித்துப் பார்த்துச் சரி என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் பங்குனியில் தூத்துக்குடியில் கப்பலேறித் தம் ஊருக்கு விடுமுறையில் போனபோது, மருத்துவச்சிகளையும் மருந்து அலமாரிச் சாவியையும் சாலோமியிடமே விட்டுப் போனார்.

எல்லாருக்கும் விடுவதென்றால் எல்லாரும் சம்மதிக்கிற மாதிரி ஒரு பேர் வேண்டுமே. பிள்ளை பிறந்ததும் நல்ல மனுஷர் ஒருவர் கருப்பட்டித் தண்ணீரையோ சீனித் தண்ணீரையோ தொட்டு நாக்கில் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சேனை வைப்பது என்பார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. "நாக்குக்கு நீங்க சேனை வையுங்க, கண்ணுக்கு நாங்க வைக்கோம். கண்ணுல சீழ் வராம இருக்க" என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லச் சொன்னாள் சாலோமி. பெண்களுக்குப் பிடித்துப் போயிற்று. மேலப்பாளையத்தில் மருத்துவச்சி மைதீன் பாத்திமாவைத் தெருவில் நிறுத்தி, "இந்த மாசம் எங்க வீட்டுலயும் ஒரு கண்ணுச் சேனை இருக்கு, மறந்துராதிய" என்று சொல்லி வைக்கிற அளவுக்குப் போயிற்று.

வினையும் அந்த வழியாகத்தான் வந்தது.

டவுணில் கீழரத வீதி முத்துமாலை அண்ணாச்சி ஜவுளிக்கடைக்காரர். வைத்தியசாலைக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர், அதன் கமிட்டியிலும் ஓர் அங்கத்தினர். அவர்கள் வகையறாவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அவர்தான் சேனை வைப்பார். அவர் கை பட்ட பிள்ளை கடை வைக்கும் என்று பேச்சு. வைகாசியில் அவருடைய மூத்த மகனுக்குத் தலைப்பிள்ளை ஆண். பேறுகாலம் பார்த்தவள் மாரிக்கண்ணு. பதினைந்து வருஷம் வயலில் நாற்று நட்டவள். புருஷன் கருத்தையா செத்த பிறகு சாலோமியிடம் வந்து தொழில் கற்றவள். அண்ணாச்சி கடையிலிருந்து வில்வண்டியில் வந்து இறங்கி, வெள்ளிக் கிண்ணத்தில் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தபோது, உள்ளே மாரிக்கண்ணு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சேனை வச்சாச்சு ஆச்சி."

அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார். "வச்சாச்சா? எவன் வச்சான்?"

"கண்ணுக்கு, அண்ணாச்சி. நான்தான் வச்சேன்."

"எனக்கு முந்தியா? அப்ப எம்பேரன் நாத்து நடப் போவானோ?"

உள்ளே ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பிள்ளையின் கண் சிவந்திருந்தது. அந்த மருந்து விட்டால் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும். மாரிக்கண்ணு அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அண்ணாச்சி கம்பவுண்டர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினார். கம்பவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது எந்த நோய்க்காக விடுகிற மருந்து என்பதைச் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணாச்சி போட்ட சத்தம் தேரடி வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

அன்று மாலை மாரிக்கண்ணு முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கையைக் காட்டு."

"வேண்டாம்மா."

"காட்டுட்டி."

செங்கல்லை எடுத்து விரல்நுனிகளைத் தேய்த்திருந்தாள். கறுப்பு அங்கங்கே இருக்க, இடையிடையே சதை தெரிந்தது. "தெருவுல போனா, வெட்டைக்காரி வாராள்னு பயலுவ கத்துதானுவம்மா. எந்த வீட்டுலயும் செம்புத் தண்ணி தரமாட்டேங்காக."

சாலோமி தேங்காயெண்ணெயை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். பிறகு சொன்னாள்: "இன்னொரு தடவ இந்தக் கைய மறைச்ச, வேற யாரும் வேண்டாம், நானே உன்னைய அனுப்பிருவேன். வீசிக்கிட்டு நட."

மறுநாள் கமிட்டிக் காரியதரிசி நேசையாவிடமிருந்து கடுதாசி வந்தது. தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதக்கோயிலில் மூப்பர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. மாரிக்கண்ணுவை வேலையிலிருந்து நீக்க வேண்டும். நோயுள்ள ஸ்திரீகளின் பேரும் தெருவும் எழுதிய ஜாப்தாப் பட்டியலைக் கமிட்டியில் ஒப்படைக்க வேண்டும். இனிமேல் அந்த ஜாப்தாவில் கண்டவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே மருந்து.

சாலோமி அதை இரண்டு தரம் வாசித்தாள். வைத்தியசாலையின் பின்கூடத்தில் அவள் மகள் இன்பமணி பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். மருந்துக் குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றி, இரண்டு பஞ்சுருண்டை வைத்து, ஓலைக்கொட்டானில் போட்டு மூடுவது அவள் வேலை. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற மருந்தை அவளைவிடப் பத்திரமாகக் கையாள யாரும் இல்லை. இருபது வயது. கண் இரண்டும் பிறந்த மாதமே போனவை.

"என்னம்மா கடுதாசி?"

"கமிட்டிக்காரங்க."

"மாரிக்கண்ணு அக்காவ நிப்பாட்டச் சொல்லுதாகளா?"

"நிப்பாட்ட விட மாட்டேன்."

இன்பமணி அடுத்த கொட்டானை மூடினாள். அவளிடம் இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்று சாலோமியிடம் இருந்தது. தன் பார்வை போனது தேவசித்தம் என்றுதான் இன்பமணிக்குச் சொல்லப்பட்டிருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

சனிக்கிழமை ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேர் காப்பி குடிக்கத்தான் வந்தவர்கள். முத்துமாலை அண்ணாச்சி விசிறியைக் கையிலேயே வைத்திருந்தார். நேசையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சாலோமியம்மா, ஜாப்தா எங்க?"

"அப்படி ஒண்ணு இல்லைங்கய்யா."

"எழுதலையா?"

"எழுதக் கூடாதுன்னு சொன்னதே நான்தான். வருதவளுக்குப் புண்ணக் கழுவுதோம், மருந்து கொடுக்கோம், புருஷனையும் கூட்டிட்டு வான்னு சொல்லுதோம். பேரெழுதி யாரு கையில கொடுக்கணும்? போலீசுலயா?"

அண்ணாச்சி விசிறியை மேசையில் தட்டினார். "ஏம்மா, எங்க வீட்டுக்குள்ள வந்து வெட்டை மருந்த விட்டுட்டுப் போயிருக்கா. எங்க வீட்டு ஆம்பளையள என்னன்னு நெனச்சீக?"

"ஒண்ணும் நெனைக்கல அண்ணாச்சி. நெனைக்க வேண்டாம்னுதான் எல்லா வீட்டுலயும் விடுதோம். இனிமே உங்க வீட்ட விட்டுட்டு எதுத்த வீட்டுல மட்டும் விடச் சொல்லுங்க, அவுகள ஊரு நெனைக்கும். ஒரு நாளைக்கு உங்க வீட்டுலயும் விடும்படியா ஆயிட்டா, உங்களையும் நெனைக்கும்."

"பிள்ள கண்ணு ரெத்தமாச் செவந்து கெடந்துச்சே, அதுக்கு என்ன சொல்லுதீக?"

"மூணு நாள் செவக்கும்னு சொல்லிட்டுத்தான வந்தா? இன்னைக்கு அஞ்சாம் நாள். இப்பச் செவந்திருக்கா?"

அண்ணாச்சி தாம் போட்டுக் கொடுத்த ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். "அது கெடக்கட்டும்" என்றார்.

நேசையா இருமினார். அவருக்கு யாரோடும் மனத்தாங்கல் ஆகாது. "சரி, ஒண்ணு செய்வோம். மதிப்பான குடும்பங்கள விட்டுருங்க. மத்த எடத்துல உங்க இஷ்டம். மாரிக்கண்ணு மட்டும் நின்னுக்கிடட்டும். அத்தோட விட்டுருவோம்."

"மாரிக்கண்ணு நான் சொன்னதத்தான் செஞ்சா. நிக்கணும்னா நான்தான் நிக்கணும்."

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. மைதீன் பாத்திமா மெதுவாக உள்ளே வந்து, மேசைமேல், நேசையாவின் காகிதங்களுக்குப் பக்கத்தில் வலது கையை மலர்த்தி வைத்தாள். ஐந்து மணிக்கு வைக்கிற மாதிரியே. "எங்களையும் சேத்து எழுதிக்கிடுங்க ஐயா. இந்தக் கறுப்போட வேற எவன் வேலைக்கு வைக்கப் போறான்?" லில்லியின் கை அடுத்து வந்தது. மாரிக்கண்ணு எண்ணெய் மினுங்குகிற புண்விரல்களைக் கடைசியில் வைத்தாள்.

"பூட்டிப் போடுங்கவே!" என்றார் அண்ணாச்சி. "ஊர்ல மருத்துவச்சிக்கா பஞ்சம்?"

காப்பிக்கு வந்த மூவரும் தலையாட்டினார்கள். நேசையா பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால், நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு? செத்துப்போன அப்பாத்துரை வாத்தியார் பெஞ்சாதி நீ. பன்னிரண்டு வருஷம் கோயில்ல வேதம் வாசிச்ச மனுஷன். அவர மாதிரி ஒருத்தர் வீட்டுல எவளோ ஒருத்தி நுழைஞ்சு இந்த மருந்த விட்டுட்டுப் போனா, நீ பாத்துக்கிட்டு இருப்பியா?"

பின்கூடத்துக் கதவு திறந்துதான் இருந்தது. அங்கே ஓலை உரசுகிற சத்தம் நின்றிருந்தது. சாலோமி அந்தக் கதவைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து பேசலாம். ஒன்றும் பேசாமல் வீட்டுக்கும் போகலாம்.

"கால்ல விழுந்து கும்பிட்டிருப்பேன்" என்றாள்.

"என்னது?"

"அப்படி ஒருத்தி வரலைங்கய்யா. அவுக இலங்கைத் தோட்டத்துல ரெண்டு வருஷம் கணக்கப்பிள்ளையா இருந்துட்டு வந்தாகல்லா, அங்கனேயிருந்து கொண்டாந்தாக. எனக்குத் தந்தாக. நான் பெத்தேன். மூணாம் நாள் பிள்ளைக்கு இமை ஒட்டிக்கிட்டுது. தாய்ப்பால் ஊத்துன்னாக, ஊத்துனேன். நந்தியாவட்டைப் பூவப் பிழின்னாக, பிழிஞ்சேன். அது என்ன நோய்னு அவுகளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் நர்ஸ் வேலை படிக்கப் போன பெறகுதான், வேற ஒருத்தி பிள்ளையப் பாத்து, எனக்குத் தெரிஞ்சுது."

நேசையா பேனாவைக் கீழே வைத்தார்.

"பிள்ளை ஞானஸ்நானத்துல நீங்கதான் பக்கத்துல நின்னீக. தேவசித்தம்னு சொன்னீக. அவுகளும் ஆமென் சொன்னாக. மதிப்பான குடும்பந்தான் ஐயா. இந்த ஊர்ல எங்களவிட மதிப்பான குடும்பம் அன்னைக்கு எது இருந்துச்சு? ரெண்டு சொட்டு விட ஆளில்ல."

வெளியே சாலையில் ஒரு ஜட்கா போயிற்று. அதன் மணிச் சத்தம் பாலம் வரை போய்த் தேய்ந்தது. முத்துமாலை அண்ணாச்சி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். நேசையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அந்த முத்தான கையெழுத்தில், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கோணலாக, இரண்டே வரி எழுதினார். பிறந்த சகல பிள்ளைகளுக்கும் மருந்து விடப்பட வேண்டியது. யாரையும் நீக்குவதற்கில்லை.

"இது கமிட்டித் தீர்மானமா, உம்ம சொந்தத் தீர்மானமா வே?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி எழுந்து போனார். மற்ற மூவரும் யார் பக்கம் என்று தெரியாமல் காப்பியை முடித்தார்கள். நேசையா காகிதத்தை அவர்கள் பக்கம் தள்ளினார். ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் இன்பமணி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் நடந்தாள்.

"அப்பா வாசிக்கிற குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்மா."

"ம்."

"நல்ல குரல்." இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம். அவனுவ காப்பி குடிக்கையில நான் கேட்டிருக்க வேண்டாம்."

"தப்புத்தான்."

"தப்புத்தான்" என்றாள் இன்பமணி. தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாளன்னைக்கு எத்தன கொட்டான்?"

சொன்னதற்கு விலை உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாலோமி உட்கார்ந்த பாயிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து அடுத்த பாய்க்கு நகர்ந்தார்கள். செத்தவரைச் சந்தியில் நிறுத்திவிட்டாள் என்று சிலர், நோய்க்காரியா நமக்குப் பேறுகாலம் பார்த்தாள் என்று சிலர். சாலோமி நகரவில்லை. முழுப் பாயிலும் மகளும் தானுமாகக் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். பாட்டு வந்தபோது இருவரும் உரக்கப் பாடினார்கள். கார்த்திகை மாதம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏனென்று சாலோமி கேட்கவில்லை. பிள்ளையின் கண்ணை மட்டும் விலக்கிப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றாள்.

கீழரத வீதி ஒரு வருஷத்துக்கு மேலாக அவர்களைக் கூப்பிடவில்லை. மறு வருஷம் ஆவணியில் முத்துமாலை அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. மருமகளுக்கு இரண்டாவது பேறு. கால் முன்னால் வருகிறது. வேறு மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சாலோமி மாரிக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு ஜட்காவில் போனாள். வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"அந்தக் கொட்டான மட்டும் வெளியில வச்சிட்டுப் போங்கம்மா" என்றார், பைய.

சாலோமி நிற்கவே இல்லை. கொட்டானோடு அவரைத் தாண்டிப் போய், பேறுகால அறையின் நிலைப்படியை மிதித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வந்து பிடுங்கிக்கிடுங்க அண்ணாச்சி."

ஆண்பிள்ளை எவனும் அந்தப் படியைத் தாண்டி வந்ததில்லை. அண்ணாச்சியும் வரவில்லை. உள்ளே, வலியின் நடுவே, மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எம்பிள்ளைக்கு விடுங்கம்மா. நான் சொல்லுதேன், விடுங்க."

ஒரு மணி நேரம் போராடிப் பெண்பிள்ளை பிறந்தது. மாரிக்கண்ணு கழுவினாள். சாலோமி கண்ணுக்கொரு சொட்டு விட்டாள். பிறகு கதவைத் திறந்து, "நாக்குக்கு நீங்க வையுங்க அண்ணாச்சி" என்றாள். அவர் கையில் கிண்ணம் தயாராகத்தான் இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேசைமேல் கைகள் வந்தன. எல்லாம் கறுப்பு. லில்லிக்கு இப்போதெல்லாம் வாய் நீண்டிருந்தது. "எங்க கைய நீங்க பாக்கீக. உங்க கைய யாரும்மா பாக்கது?"

"இங்க கொண்டாங்க" என்றாள் இன்பமணி பின்கூடத்திலிருந்து.

சாலோமி போய் வலது கையை நீட்டினாள். இன்பமணி ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நுனியைத் தன் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். மருந்து பட்ட இடம் உலர்ந்து சொரசொரத்திருந்தது. பழைய தோல் ஓரத்தில் உரியத் தொடங்கியிருந்தது.

"விட்டிருக்காக" என்று அறிவித்துவிட்டு, அடுத்த குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றினாள்.